உல்லையில் ஓர் இரவு யாருடையது? கிளப் நைட்டின் சின்ன வரலாறு

கிளப் எண்ட சொல்லைக் கேட்டதும் நம்ம பக்கம் ரெண்டு படம் வரும். ஒண்டு, ஜேர்சியும் சுற்றுப்போட்டியும் சந்தியில பேனரும் உள்ள விளையாட்டுக் கழகம். மற்றது, சினிமாவில் வரும் இருட்டு அறை, கலர் லைட், குடி. ரெண்டாவதைச் சொன்னால் உம்மாமார் முகம் மாறும். அதோட பேச்சு முடிஞ்சுது.

அந்த ரெண்டாவது படத்துக்குள் யாரும் பெரிசாகக் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. கிளப் என்பது கட்டடம். அதுக்கு முதலாளி, லைசன்ஸ், வாடகை எல்லாம் வேணும். கிளப் நைட் என்பது ஒரு நாள். "ஒவ்வொரு திங்களும் இந்த இடம், இந்தப் பாட்டு, இந்த ஆட்கள்" எண்ட ஒப்பந்தம். இடம் இன்னொருத்தருடையது, நாள் மட்டும் நம்முடையது. வரலாற்றைப் புரட்டினால், அப்படி ஒரு நாளைப் பிடிச்சவங்க பெரும்பாலும் வேற இடங்களில் உள்ள விடப்படாத ஆட்களாகத்தான் இருக்காங்க.

அறுகம்பேயில் சீசன் நேரம் கிழமையில் பல இரவுகள் பார்ட்டி நடக்குது. அதில் ஒரு இரவாவது நம்முடையதா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைத்தான் சுத்தி வருது.

25 சதம், 50 சதம்

1973 ஆகஸ்ட் 11. நியூயோர்க்கின் பிரொன்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்க அடுக்குமாடி. பள்ளிக்கூடம் திறக்க முதல் புது உடுப்பு வாங்க சிண்டி கெம்பல் எண்ட பிள்ளைக்குக் காசு தேவைப்பட்டது. மாடியில் இருந்தவர்கள் பாவிக்கும் பொது மண்டபத்தை வாடகைக்கு எடுத்தா. அழைப்பைச் சின்னச் சின்ன அட்டைகளில் கையால எழுதிக் கொடுத்தாங்க. பொம்பிளைப் பிள்ளைகளுக்கு 25 சதம், ஆம்பிளைகளுக்கு 50 சதம். பாட்டுப் போட்டது அவட காக்கா, ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கெம்பல். உலகம் அவரை டிஜே கூல் ஹேர்க் எண்டு அறியும். அந்த இரவைத்தான் ஹிப் ஹொப்பின் பிறந்தநாள் எண்டு 2023இல் 50ஆவது வருடமாகக் கொண்டாடினாங்க.

எல்லாரும் ஹேர்க்கைச் சொல்லுவாங்க. சிண்டியையும் சேர்த்துச் சொல்ல வேணும். மண்டபம் பிடிச்சது, விலை போட்டது, யாரைக் கூப்பிடுறது எண்டு முடிவெடுத்தது எல்லாம் நிகழ்ச்சி அமைப்பாளர் வேலை. பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் பாதி விலை போட்டதைப் பாருங்க. அந்த மண்டபத்தில் யார் நிக்க வேணும் எண்ட கணக்கு டிக்கெட் விலைக்குள்ளேயே இருக்கு.

அதுக்கு மூன்று வருடம் முதல், 1970 பெப்ரவரி 14 அன்று, அதே நகரத்தில் டேவிட் மன்குசோ எண்டவர் தன் வீட்டில் ஒரு விருந்து வைத்தார். பிறகு அந்த வீடு 'த லொஃப்ட்' எண்டு பெயர் எடுத்தது. அழைப்பிதழ் இல்லாமல் உள்ள வர ஏலாது. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், ஓரினச் சேர்க்கையாளர் எண்டு மற்றக் கிளப்புகள் வாசலில் நிறுத்திய ஆட்கள் அங்க சேர்ந்து ஆடினாங்க. முக்கியமான விஷயம், அங்க மதுபானம் விற்கல்ல. பழமும் குளிர்பானமும்தான். எதையும் விற்காததால் கபரே லைசன்ஸ் தேவையில்லை எண்டு நகர நிர்வாகமும் பின்னர் ஏற்றுக்கொண்டது. இண்டைக்கு உலகம் முழுக்க இருக்கிற நடன இசைக் கலாசாரத்தின் ஒரு பெரிய வேர் சாராயம் விற்காத ஒரு வீட்டில் இருக்கு. "கிளப் எண்டா குடிதானே" எண்டு சொல்ற ஆளுக்கு இதைவிட வேற பதில் தேவையில்லை.

திங்கள் இரவும் பகல் டிஸ்கோவும்

நம்ம ஆட்களுக்குக் கிட்டவான கதை இங்கிலாந்தில் இருக்கு. 1980களில் பிரட்ஃபோர்ட், லண்டன் போன்ற நகரங்களில் தெற்காசியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரவில் வெளிய போக வீட்டில் அனுமதி இல்லை. போனாலும் பல கிளப்புகளின் வாசலில் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினாங்க. அதுக்கு அவங்க கண்ட வழி பகல் நேர டிஸ்கோ. பங்ரா குழுக்கள் மத்தியானத்தில் வாசிச்சாங்க. பிள்ளைகள் பொழுதுபட முதல் வீட்டுக்குத் திரும்பினாங்க. 'நைட்' எண்ட பெயருக்குப் பகல் வந்து உதவியது. 2020இல் லண்டனில் தொடங்கின ஓர் இளம் தெற்காசிய டிஜே கூட்டமைப்பு அந்த நினைவுக்காகவே தனக்கு 'டேடைமர்ஸ்' எண்டு பெயர் வைத்தது.

1990களின் நடுவில் தபேலாக் கலைஞர் தல்வின் சிங்கும் அமைப்பாளர் ஸ்வீட்டி கபூரும் லண்டன் ஹொக்ஸ்டன் சதுக்கத்தில் இருந்த 'புளூ நோட்' கிளப்பில் 'அனோகா' எண்ட இரவைத் தொடங்கினாங்க. கிடைச்சது திங்கட்கிழமை. கிளப் தொழிலில் திங்கள் எண்டா செத்த நாள். சனிக்கிழமையை முதலாளி புதுசாக வாற ஆளுக்குக் குடுக்கமாட்டார். ஆனா செத்த நாளுக்கும் ஒரு வசதி இருக்கு. நட்டம் வந்தாலும் முதலாளிக்கு அது பெரிசாத் தெரியாது. அதனால புதுசா எதையும் செய்து பார்க்கலாம். தபேலாவும் ட்ரம் அண்ட் பேஸும் அந்தத் திங்கள்களில் ஒண்டாச் சேர்ந்தது. 1997இல் அந்த இரவின் பெயரில் ஒரு தொகுப்பு இசைத்தட்டு வந்தது. அதில் ஏ.ஆர். ரஹ்மானின் பம்பாய்ப் பட இசையும் இடம் பிடித்தது. 1999இல் தல்வின் சிங் தன் இசைத்தட்டுக்கு மெர்குரி பரிசு வென்றார். இதெல்லாம் யாரும் கேட்காத ஒரு திங்களில் தொடங்கின வேலை.

கொடியேற்றமும் ஓர் இரவுதான்

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கும் இதுக்கும் என்ன எண்டு கேட்கலாம். கல்முனைக் கடற்கரைப் பள்ளிக்குப் போய்ப் பாருங்க. நாகூர் சாகுல் ஹமீது ஒலியுல்லாஹ்வின் பெயரில் வருடாவருடம் கொடியேற்றம். ஒலியுல்லாஹ் அடங்கியிருப்பது நாகூரில், இங்க இருப்பது நினைவிடம். 12 நாள் விழா. மினாராவில் கொடி ஏறும். கடற்கரை மண்ணில் மிட்டாய்க் கடை, வளையல் கடை, விளையாட்டுச் சாமான். ரிபாயி தரீக்கா பக்கீர்மாரின் றாத்திபு, றபான் சத்தம். கடைசியில் கந்தூரி. பொம்பிளைகளும் பிள்ளைகளும் கூட்டமா வந்து நிக்கிற ஒரு இடம்.

இபாதத்தையும் ஆட்டத்தையும் ஒண்டாக்குறன் எண்டு கோபிக்க வேண்டாம். நான் பார்ப்பது ஆட்களைக் கூட்டும் முறையை மட்டும். நாள் நிச்சயம். இடம் நிச்சயம். யாரும் விளம்பரம் செய்யத் தேவையில்லை, ஊருக்கே தெரியும். தாளம் இருக்கு, சாப்பாடு இருக்கு, குடும்பமாக வந்து போகும் பாதுகாப்பு இருக்கு. இதைச் சரியில்லை எண்டு சொல்லும் மார்க்க விவாதமும் பல காலமா நடக்குது. அந்த விவாதத்துக்குள் நான் போகல்ல. நம்ம கடற்கரைக்கு இரவுக் கூட்டம் புதுசு இல்லை எண்டு மட்டும் சொல்லுறன்.

அப்ப எங்க அறுந்தது? கிழக்கில் நம்ம பெற்றோர் வளர்ந்த காலத்தில் இரவு எண்டாலே பயம். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டாங்க. 2006 செப்டெம்பரில் பொத்துவில் பகுதியில் வேலைக்குப் போன முஸ்லிம் தொழிலாளர்கள் கொல்லப்பட்டாங்க. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தது. கல்முனை, சாய்ந்தமருது, உல்லை எல்லாம் அடிபட்டது. 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் குண்டு வெடித்து, பிள்ளைகளும் செத்தாங்க. அதுக்குப் பிறகு நாலு பொடியன்மார் ஒரு வீட்டில் கூடினாலே சந்தேகம். "பொழுதுபட்டா வீட்டுக்கு வா" எண்டு வாப்பா சொல்றதை வெறும் கட்டுப்பாடு எண்டு எடுக்க ஏலாது. அதுக்குள்ள ஒரு வரலாறே இருக்கு. புதுசா ஓர் இரவைத் தொடங்க நினைக்கிறவங்க முதல்ல மதிக்க வேண்டிய விஷயம் இது.

உல்லையின் இரவுகள்

அறுகம்பே எண்டு உலகம் சொல்ற இடத்துக்கு நம்ம வாயில் உல்லை எண்டு பேர். பொத்துவிலுக்குப் பக்கத்தில, கல்முனையிலிருந்து ஏ4 வீதியில் சுமார் 70 கிலோமீற்றர். ஏப்ரல், மே மாதத்தில் தொடங்கி ஒக்டோபர் வரை கச்சான் காத்துக் காலத்தில் அலை ஒழுங்கா வரும். வாடைக்காத்து தொடங்கினால் சீசன் முடிஞ்சுது. 1970கள் தொடக்கம் வெளிநாட்டு சர்ஃபர்கள் வாறாங்க. போர் அவங்களை விரட்டியது. 2002 யுத்தநிறுத்தம் கூட்டி வந்தது. சுனாமி கெஸ்ட் ஹவுஸ்களை அள்ளிக்கொண்டு போனது. 2009க்குப் பிறகு திரும்பவும் கட்டினாங்க.

அங்க உள்ள பார்ட்டிக்கும் கிளப் நைட் அமைப்புத்தான். இண்டைக்கு ஒரு கடற்கரை ரெஸ்டோரன்ட், நாளைக்கு இன்னொண்டு எண்டு கிழமை நாள்களைப் பிரித்து எடுத்துக்கொள்றாங்க. ஒரே இரவில் ரெண்டு பேர் பொக்ஸ் கட்டினால் ரெண்டு பேருக்கும் நட்டம். ஆனா ஒரு வித்தியாசம். கிளப் நைட் உயிர் வாழ்வது திரும்பத் திரும்ப வாற ஆட்களால. உல்லைக்கு வாற பயணி ஒரு கிழமையோ ரெண்டு கிழமையோ இருந்துபோட்டுப் போயிடுவார். அப்ப அந்த இரவுகளுக்கு நிரந்தரமாக வாற ஆள் யார்? பியர்ப் பெட்டி தூக்குற தம்பி, வாசலில் ஓட்டோவோட நிக்கிற காக்கா, விடிய மண்ணில் போத்தல் பொறுக்குற ஆள். ஒவ்வொரு கிழமையும் அந்தப் பாட்டை முழுசாக் கேட்கிறவங்க அவங்கதான். அந்தப் பாட்டை அவங்க தெரிவு செய்யல்ல.

வெளியாரை மட்டும் நம்பின இரவு எவ்வளவு மெலிசு எண்டும் பார்த்தோம். 2024 ஒக்டோபர் 23 அன்று அமெரிக்கத் தூதரகம் அறுகம்பேக்குப் போக வேண்டாம் எண்டு எச்சரிக்கை விட்டது. இஸ்ரேலும் தன் ஆட்களை வெளியேறச் சொன்னது. வீதியில் பொலிசும் அதிரடிப்படையும். எங்கேயோ எழுதின ஓர் அறிவித்தல் உல்லையின் இரவை நிறுத்திப் போட்டது.

பத்து மணிச் சட்டம்

பொக்ஸ் கட்ட பொலிஸ் அனுமதி வேணும். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம், பிரதம நீதியரசர் சரத் என். சில்வாவின் காலத்தில், இரவு 10 மணி தொடக்கம் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக்கூடாது எண்டு தீர்ப்பளித்தது. சுவாரசியம் என்னெண்டா, அந்த வழக்கு பார்ட்டி பற்றியதே இல்லை. வெலிகமப் பக்கம் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி பற்றியது. பாங்குச் சத்தத்தில் தொடங்கின வழக்கு டிஜே பொக்ஸ் வரை வந்து நிக்குது.

அதே தீர்ப்பில் ஒரு சின்ன வாசலும் இருக்கு. விசேட நிகழ்வுகளுக்கு மட்டுப்படுத்திய நேரம் அனுமதி கொடுக்கலாம். ஆனா முதலில் அயலில் உள்ளவர்களின் கருத்தைக் கேட்டுப் பதிய வேணும், நீதவான் நீதிமன்றத்துக்கும் அறிவிக்க வேணும். எனக்கு இந்த நிபந்தனை பிடிச்சிருக்கு. வெளிநாட்டில் பல கிளப்புகளை மூடினது அயலவரின் முறைப்பாடுதான். இங்க சட்டமே உன்னைப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுது.

இந்தியாவிலும் இரவு 10 மணிக் கட்டுப்பாடு இருக்கு. கோவாவின் பலோலெம் கடற்கரையில் அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. எல்லாரும் ஹெட்போன் போட்டு ஆடுறது. தூரத்தில நிண்டு பார்த்தா சத்தமே இல்லாமல் ஒரு கூட்டம் துள்ளுது. இன்னொரு உள்ளூர்ச் சிக்கலும் சொல்லணும். உலகம் முழுக்கக் கடற்கரைப் பார்ட்டிக்குப் பௌர்ணமி நல்ல நாள். நமக்கு அது போயா, மதுபானம் விற்கத் தடை. குடி இல்லாத இரவு நடத்த நினைக்கிற ஆளுக்கு அதைவிட நல்ல நிலா கிடைக்காது.

அப்ப எங்க தொடங்கலாம்?

உல்லையில் இதுக்கு முன்மாதிரி ஏற்கெனவே இருக்கு. அது பார்ட்டியில் இல்லை, கடலில். 2018 ஆகஸ்டில் அறுகம்பே பெண்கள் சர்ஃப் கழகம் முறைப்படி தொடங்கியது. இலங்கையின் முதல் பெண்கள் சர்ஃப் கழகம் அது. சிங்களம், தமிழ், முஸ்லிம் எண்டு மூன்று பக்கப் பெண்களும் இருக்காங்க. பிள்ளை பெற்றவர்களும் இருக்காங்க. "கடல் ஆம்பிளைகளுக்கு" எண்ட இடத்தில், எதிர்ப்புக்கு நடுவில், ஒரு நேரத்தைப் பிடிச்சு நிண்டாங்க. பலகை கொஞ்சம், ஆட்கள் கொஞ்சம், விடாமல் திரும்பத் திரும்ப வந்தது மட்டும் அதிகம். சிண்டியும் அனோகாவும் செய்தது இதைத்தான்.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்றது இவ்வளவுதான். சனிக்கிழமைக்குப் போட்டி போட வேண்டாம், யாருக்கும் வேண்டாத நாளைக் கேளுங்க. சீசன் நேரத்தை விடுங்க. நவம்பர் தொடக்கம் மார்ச் வரை சும்மா கிடக்கிற ரெஸ்டோரன்ட் தளத்தை வாடகை குறைச்சுக் கேட்கலாம். மழை பெய்தாலும் கூரை இருக்குதானே. அஸருக்குப் பிறகு தொடங்கி, மஃரிபுக்கு நிறுத்தி, பத்துக்கு முதல் முடிக்கலாம். விற்கிறது இஞ்சித் தேத்தண்ணியும் கொத்தும் போதும். பக்கீர்மாரின் றபானிலிருந்து ஏ.ஈ. மனோகரனின் பொப் வரைக்கும் பாட்டு நம்மட்ட இருக்கு. தங்கச்சிமார் வரவும், பயமில்லாமல் திரும்பிப் போகவும் பஸ்ஸோ வானோ முதலில் ஒழுங்கு பண்ணுங்க, பொக்ஸ் பிறகு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு எண்டு தெரியாமல் போஸ்டர் அடிக்காதீங்க.

விளம்பரம் எண்டு பெரிசா ஒண்டும் வேண்டாம். சிண்டிக்குக் கையெழுத்து அட்டை போதுமா இருந்தது, நமக்கு வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருக்கு. முதல் நாள் இருபது பேர் வந்தா போதும். முக்கியம் ரெண்டாவது நாள். அந்த இருபதில் எத்தனை பேர் திரும்பி வாறாங்க, அவங்களில் எத்தனை பேர் பியர்ப் பெட்டி தூக்குற அந்தத் தம்பியைப் போல இதுவரைக்கும் ஆட்டத்துக்கு வெளிய நிண்டவங்க எண்டு எண்ணுங்க. அந்த எண்ணிக்கை கூடினா, உல்லையில் நமக்கெண்டு ஒரு நாள் கிடைச்சிருக்கு எண்டு அர்த்தம்.