மாநாட்டின் புறத்தே விளைந்தது

நம் நாட்டில் தமிழில் எழுதுவோருள் எழுத்தையே தொழிலாகக் கொண்டோர் மிகச் சிலர். பகலெல்லாம் வகுப்பறையிலோ, தோட்ட அலுவலகத்திலோ, கடையிலோ உழைத்து, இரவில் விளக்கின்முன் அமர்ந்து எழுதியோரே மிகுதி. இவர்தம் பின்னே பல்கலைக்கழகமும் இல்லை, பதிப்பகமும் இல்லை. இத்தகையோர் விடுப்பெடுத்துக் கைப்பொருள் செலவிட்டு மாநாடொன்றிற்குச் செல்வதால் ஆவதென்ன? 1964ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று இதற்கு விடை கூறும்.

அவ்வாண்டு சனவரித் திங்களில் கீழ்த்திசை ஆய்வாளரின் 26ஆம் அனைத்துலகப் பேரவை புதுதில்லியில் கூடியது. அது தமிழுக்கெனக் கூட்டப்பெற்றதன்று; பல மொழி, பல துறை அறிஞர்க்கும் பொதுவானது. அங்கு வந்திருந்த தமிழாய்வாளரைத் தனியே ஓரிடத்தில் கூட்ட வேண்டுமெனச் சேவியர் தனிநாயகம் அடிகளாரும் பேராசிரியர் வ. ஐ. சுப்பிரமணியமும் முனைந்தனர். அடிகளார் அப்போது மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவர். சனவரி 7ஆம் நாள் அறிஞர் கூடினர். அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவரானார். செக் நாட்டுக் கமில் சுவலபில் அடிகளாருடன் செயலாளர் பொறுப்பேற்றார்.

இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே, 1952இல், அடிகளார் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கியிருந்தார். ஆயினும், இதழால் இயலாத ஒன்று அவ்வொரு நாள் சந்திப்பால் இயன்றது என்பேன். அந்த இதழ்ப்பணி இல்லாதிருப்பின் யாரை அழைப்பது என்பதே விளங்கியிராது என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும். வெறுங்கையோடு சென்றவரல்லர் அவர்.

ஈராண்டு கழிந்தது. 1966 ஏப்பிரல் 16 முதல் 23 வரை முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தேறியது. பின்னர் 1968இல் சென்னை, 1970இல் பாரிசு, 1974இல் யாழ்ப்பாணம் எனத் தொடர்ந்தது. கோலாலம்பூரில் படிக்கப்பெற்ற கட்டுரைகள் 1968இலும் 1969இலும் இரு தொகுதிகளாய் வெளிவந்தன. தேநீர் இடைவேளையில் ஒருவரையொருவர் கேட்ட வினாக்கள் மட்டும் அவற்றுள் இடம்பெறவில்லை.

“இஃது அறிஞர் கதையன்றோ? சிறுகதை எழுதும் ஆசிரியர்க்கு இதனால் என்ன?” என்று பயிற்சிக் கல்லூரி மாணவர் கேட்கக்கூடும். நேரிய வினாவே. அவர்க்கு நெருங்கிய சான்று 1950களில் உண்டு. தமிழகத்தின் சிறந்த சிறுகதையாசிரியருள் ஒருவரான கு. அழகிரிசாமி, அக்காலத்தில் இங்குத் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றினார். அவர் நடத்திய இலக்கிய வட்டத்தில் உள்ளூர் எழுத்தாளர் கூடி இலக்கியம் ஆய்ந்தனர். மேடையில்லை, ஊர்வலமில்லை. தனித்திருந்து எழுதியவர்க்குத் தம் எழுத்தின் நிறைகுறையை எடுத்துரைக்க ஒருவர் கிடைத்தார். அழகிரிசாமி 1957இல் தாயகம் திரும்பினார். எனினும், மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரை விடுவதில்லை.

ஆதலின், மாநாட்டிற்குச் செல்லும் இளைய ஆசிரியர் தாம் எழுதியதொன்றையும், விடை காண விழையும் வினாவொன்றையும் உடன் கொண்டு செல்க. ஏற்பாட்டாளர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பொன்னாடையும் பாராட்டுரையும் முற்பகலை விழுங்கிவிட, கட்டுரை படிப்பவர்க்குப் பத்து மணித்துளி, கேள்விக்கு நேரமே இல்லை என்னும் நிலையைப் பன்முறை கண்டிருக்கிறோம். சொந்தப் பணத்தில் பேருந்தேறி வந்தவர் கேட்க விரும்பியதை நெஞ்சில் வைத்துக்கொண்டே ஊர் திரும்புகிறார். வாழ்த்துரைகளைக் குறைத்து, அந்நேரத்தை அவருக்குக் கொடுங்கள்.