மலேயத் தோட்டப் பெண்களின் பேறுகால நோய்கள்: மலேரியாவும் கொக்கிப்புழுவும்

மலேயத் தோட்டத் தமிழர் வரலாற்றை எழுதியோர் கங்காணி முறை, கூலி, கள்ளுக்கடை, தொழிற்சங்கம் ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். வயிற்றில் பிள்ளையோடு பால்மரம் சீவிய பெண்ணின் உடல்நிலை அவ்வளவாகப் பேசப்படவில்லை. ரப்பர் தோட்டங்கள் பெருகிய 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பெண்ணை வாட்டிய தொற்றுகளுள் மலேரியாவையும் கொக்கிப்புழுவையும் மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

மலேரியா எவரையும் தாக்குவது. ஆயினும் கருவுற்றவளை அது தாக்கும் முறை வேறு. பால்சிபாரம் வகைக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் ஒட்டித் தேங்குகின்றன. அங்குள்ள ஒருவகைச் சர்க்கரைச் சேர்மத்தைப் பற்றிக்கொண்டே அவை தேங்குகின்றன என்பது 1996இல் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. இதனால் தாய்க்குச் சோகை முற்றுகிறது. கரு கலைகிறது, அல்லது குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. முன்னரே பலமுறை காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்ற பெண்ணுக்கும் நஞ்சுக்கொடியில் தங்கும் கிருமி புதிய பகையே. ஆகவே தலைச்சூல் இடர் மிக்கது. கடல் கடந்து புதிதாக வந்தோரில் பலருக்கோ அந்த ஓரளவு எதிர்ப்பாற்றலும் இல்லை.

1897இல் ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901இல், கிள்ளானில் அரசு மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் அவ்வறிவைச் செயலாக்கினார். நகரைச் சூழ்ந்த சதுப்பு வடிக்கப்பட்டது, காடு வெட்டப்பட்டது, காய்ச்சல் தணிந்தது. கடலோரத் தாழ்நிலத்தில் நோயைப் பரப்பியது அம்புரோசஸ் என்னும் கொசு. நிழலடர்ந்த தேங்குநீரே அதன் பிறப்பிடம் ஆதலால், மரங்கள் வீழ்ந்ததும் அதுவும் ஒழிந்தது. இதே வழியை மலைச்சாரல் தோட்டங்களில் பின்பற்றியபோது விளைவு நேர்மாறாயிற்று. அங்கு வாழ்ந்த மாக்குலேட்டஸ் கொசு வெயில் படும் தெளிந்த ஓடைநீரை நாடுவது. காட்டை அழித்து ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்ட தோட்டமே தன் நோயைத் தானே வளர்த்தது எனலாம். நீர்வசதி கருதி ஓடையருகே கட்டப்பட்ட லயங்களில் காய்ச்சல் ஓயவில்லை. மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடைநீரை மறைத்தும், பின்னர் எண்ணெய் தெளித்தும் வாட்சன் இதனை எதிர்கொண்டார். இடத்திற்கு இடம் கொசு வேறு, மருந்தும் வேறு என்னும் இவ்வறிவு மலேயா உலகுக்கு அளித்த கொடை.

எனினும் ஒன்றை நோக்குதல் வேண்டும். தோட்டக் குழந்தைகளின் மண்ணீரல் வீக்கமும் தொழிலாளர் இறப்பு விகிதமுமே இப்பணியின் வெற்றியை அளந்த அளவுகோல்கள். கலைந்த கரு இறப்பு விகிதத்தில் ஏறுவதில்லை. பெரட்டுக்கு வராத நாள் மட்டுமே கணக்கில் நின்றது.

காலைப் பெரட்டில் கொயினா கொடுக்கும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. கொயினா கருவைக் கலைத்துவிடும் என்னும் அச்சம் மக்களிடம் மட்டுமன்றி மருத்துவரிடையேயும் நிலவியது. மருந்தளவைக் கடந்து அதனை உட்கொள்வது கேடானதுதான். ஆனால் உரிய அளவில் கொடுக்கும் கொயினாவினும், மருந்தின்றி விடப்படும் காய்ச்சலே கருவுக்குப் பேரிடர் என்பதை இன்று அறிவோம். குருதியில் சர்க்கரை அளவு திடீரெனத் தாழ்வது கொயினா உட்கொள்ளும் கர்ப்பிணிக்கு நேரக்கூடிய உண்மையான தீங்கு. அன்று அதனைக் கவனித்தவர் அரியர்.

இத்துறையில் தெளிவு பிறந்தது அண்டை நாடான இலங்கையில். 1934–35இல் அங்குப் பரவிய கொள்ளை மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறித்தது. கொழும்பு டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனையில் நோயுற்ற கர்ப்பிணிகளைக் கண்ட மருத்துவர் விக்கிரமசூரிய, 1937இல் மலேரியாவையும் கொக்கிப்புழுவையும் ஒருசேர ஆராய்ந்து நூல் வெளியிட்டார். இரண்டையும் இணைத்ததே அவரது நுண்மாண் நுழைபுலம். வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகும் கொக்கிப்புழு குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுகிறது. மலேரியா அதே குருதியின் அணுக்களைச் சிதைக்கிறது. கழிப்பிடம் அமையாத லயத்தில், செருப்பின்றி நடந்த கர்ப்பிணிக்கு இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தன. பேற்றின்போது சிறிது குருதி இழந்தாலும் அவள் தாங்கமாட்டாள்.

இன்று கொக்கிப்புழுவுக்கு, முதல் மூன்று மாதங்கள் கழிந்தபின், அல்பெண்டசோல் கொடுக்கின்றனர். இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் உடன் தரப்படுகின்றன. பால்சிபாரம் மலேரியாவுக்கு ஆர்ட்டிமீத்தர்–லூமிபான்ட்ரின் கூட்டுமருந்தை முதல் மூன்று மாதங்களிலும் கொடுக்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. பிரைமாகுவின் கருவுற்றோர்க்கு விலக்கு. மலேசியாவில் மனிதரிடையே பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் பதிவாகவில்லை. குரங்கினின்று தொற்றும் நோலெசி வகையோ, சபா முதலிய இடங்களில் காட்டோரத் தோட்டங்களில் உழைப்போரை இன்றும் தாக்கி வருகிறது.