புவனஸ் அயர்ஸ்: தணல் அடுப்புகளும் நடைபாதைப் பெயர்களும்

ஆர்ஜென்டீனாவின் தலைநகர் புவனஸ் அயர்ஸுக்குப் போகும்போது என் குறிப்பேட்டில் இரண்டு விடயங்கள் இருந்தன. ஒன்று அங்குள்ள இறைச்சி சுடும் கடைகள். மற்றையது மாயோ சதுக்கம். இரண்டையும் வெவ்வேறு நாட்களில் பார்க்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த நகரம் 48 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றை 'பாரியோ' என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. தெற்கே துறைமுகத்தை அண்டிய லா போகா, இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் குடியேறிய இடம். அங்குள்ள தகர வீடுகளுக்கு, கப்பலுக்குப் பூசி மிஞ்சிய வர்ணத்தைப் பூசினார்கள் என்று சொல்வார்கள். பக்கத்திலுள்ள சான் தெல்மோவில் முன்பு பணக்காரர்கள் வாழ்ந்தார்கள். 1871இல் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது அவர்கள் வடக்கே ரெகொலெட்டாப் பக்கம் போய்விட்டார்கள். விட்டுப்போன பெரிய வீடுகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு, புலம்பெயர்ந்து வந்த ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டன. மேற்கே மத்தாதேரோஸ். அந்தப் பெயரின் பொருளே இறைச்சிக்கூடங்கள் என்பதுதான்.

எந்த வட்டாரத்துக்குப் போனாலும் ஒரு 'பரிஷா' இருக்கும். இறைச்சி சுடும் கம்பித்தட்டுக்கும் அதை வைத்து நடத்தும் கடைக்கும் அதே பெயர்தான். விறகையோ கரியையோ ஒரு பக்கத்தில் எரித்து, தணலை மட்டும் இழுத்துக் கம்பித்தட்டின் கீழே பரப்புகிறார்கள். சுவாலை இறைச்சியில் படக்கூடாது. கொழுப்பு தணலில் சொட்டித் தீ எழாதபடி, வாய்க்கால் போல் வளைத்த கம்பிகளைச் சற்றுச் சரித்து வைத்திருப்பார்கள். மசாலா கிடையாது, கல்லுப்பு மட்டுமே. பார்ஸ்லி, உள்ளி, ஒரிகானோ, வினாகிரி, எண்ணெய் சேர்ந்த 'சிமிச்சூரி'யை மேசையில் தனியாக வைப்பார்கள்.

முதலில் சொரிசோ என்ற இறைச்சிக் குழல் வரும். அதைப் பாணுக்குள் வைத்தால் 'சொரிபான்', தெருவோரத்திலும் கிடைக்கும். அடுத்து குடல், இரத்தக் குழல் போன்றவை. பிறகுதான் விலா எலும்போடு குறுக்கே வெட்டிய 'அசாதோ தே திரா' முதலான மாட்டிறைச்சித் துண்டுகள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்குக் கோழியும், தணலில் உருக்கிய சீஸான 'ப்ரோவொலேட்டா'வும் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு 8 மணிக்கு முன் போனால் பல கடைகள் பூட்டியிருக்கும். ஒன்பது, பத்து மணிக்குத்தான் சனம் வரும்.

சான் தெல்மோவில் அப்படியொரு கடையிலிருந்து வெளியே வந்தபோது நடைபாதையில் ஒரு கல்லைக் கண்டேன். அதில் ஒரு பெயரும் ஒரு திகதியும் இருந்தன. 1976 முதல் 1983 வரையான இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக, அவர்கள் வாழ்ந்த, வேலை செய்த, பிடிபட்ட இடங்களில் அயலவர்கள் பதிக்கும் கற்கள் இவை. அதே வட்டாரத்தின் எல்லையில், நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழ், இரகசியத் தடுப்பு முகாம் ஒன்றின் நிலவறையை 2002 முதல் தோண்டி எடுத்து வருகிறார்கள். பாலம் கட்டும்போது மண்ணிட்டு மூடப்பட்ட இடம் அது.

1984இல் அரச ஆணைக்குழு 8,961 பேரின் விபரங்களைப் பதிவு செய்தது. மனித உரிமை அமைப்புகள் 30,000 பேர் என்கின்றன. 1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூடி நிற்கக்கூடாது என்று பொலிஸ் சொன்னதால் நடக்கத் தொடங்கினார்கள். அவர்களை ஒன்றுசேர்த்த அசுசேனா வில்லாஃப்ளோரே அந்த வருட டிசம்பரில் கடத்தப்பட்டார். அவரது எச்சங்கள் 2005இல்தான் அடையாளம் காணப்பட்டன. சாம்பல் அந்தச் சதுக்கத்திலேயே புதைக்கப்பட்டது.

1985இல் இராணுவத் தலைவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. பிறகு வந்த சட்டங்கள் மற்றவர்கள் மீதான வழக்குகளை நிறுத்தின. 2005இல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. வழக்குகள் திரும்பத் தொடங்கின. இடையில் ஏறத்தாழ இருபது வருடங்கள் போயின.

வியாழன் பிற்பகல் 3.30க்குச் சதுக்கத்தில் நின்றேன். வெள்ளைத் தலைத்துணியோடு சில மூதாட்டிகள் மெதுவாகச் சுற்றி வந்தார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் படங்களோடு உட்கார்ந்த எங்கள் அம்மாமாரை நினைத்தேன். விடை தெரியாமலே கண்ணை மூடியவர்கள் அவர்களில் பலர். இங்கே அயலவர்கள் கல் பதிக்க அரசின் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. அந்த வேலையை நாங்களும் எங்கள் தெருக்களில் தொடங்கலாம்.