சூரனின் மூன்று தலைகள்

சூரன் போருக்கு உடம்பு ஒன்று, தலை மூன்று. முதலில் யானைமுகம், அது தாரகாசுரன். அவன் விழுந்ததும் சிங்கமுகம். அதற்குப் பிறகு சூரபத்மனின் சொந்த முகம், முறுக்கு மீசையும் பிதுங்கின கண்ணுமாக. கடைசியில் தலையே இல்லை, மாமரம்தான். உடம்பு மரத்தில் குடைந்தது. கழுத்தில் ஒரு முளை இருக்கும், தலைக்கு அடியில் அந்த முளைக்கு அளவான துளை. செருகிவிட்டால் தலை இரண்டு பக்கமும் திரும்பும். சூரனின் முதுகுக்குப் பின்னால் பலகையில் ஒருவர் நின்று தலையைத் திருப்புவார், வாள் பிடித்த கையை ஏற்றி இறக்குவார். பலகைக்குக் கீழே காவுதடிகள். தடிகளுக்குக் கீழே எங்கள் தோள்கள்.

வலிகாமத்தில் ஒரு சின்ன முருகன் கோயிலில் எழுபதுகளில் சூரன் காவினவன் நான். பார்க்கிறவர்களுக்கு அது பொம்மை. காவுகிறவனுக்கு அது ஓர் ஆள். முன்தடிக்காரர் முழங்காலை மடித்து, பின்தடிக்காரர் நிமிர்ந்தால் சூரன் குனிந்து முறைப்பான். இரண்டு பக்கமும் மாறி மாறிக் குலுக்கினால் சிரிப்பான். அவன் வீதியில் முன்னால் ஓடுவதும், வேலைக் கண்டு பின்வாங்குவதும், பின்வாங்கினவன் வெட்கப்பட்டுத் திரும்பவும் பாய்வதும் எல்லாம் காலில்தான் இருக்கிறது. அந்த வித்தையை யாரும் சொல்லித் தருவதில்லை. "தம்பி, தவிலைக் கேள், தோளைப் பாராதை" என்று பின்தடியில் நின்ற ஒரு பெரியவர் சொன்னதுதான் எனக்குக் கிடைத்த முழுப் படிப்பு.

ஐப்பசி அமாவாசைக்கு அடுத்த நாள் கந்தசஷ்டி விரதம் தொடங்கும். ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருக்கிற பெண்கள் இன்றும் எங்கள் ஊரில் உண்டு. கோயிலில் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணம் படிப்பார்கள். ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன் சொல்லுவார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்தாரின் வாழ்க்கை முறைக்கே கந்தபுராண கலாசாரம் என்று பெயர் வைத்தார். அது மிகையில்லை. 10,345 பாட்டுள்ள அந்தப் புராணத்தை வாசிக்காத சனத்துக்கும் அதன் கதை தெரியும்; ஆறாம் நாள் மாலை வீதியில் அதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். பெரிய கோயில்களில் பொழுதுபட முன்னரே சூரன் போர் முடிந்துவிடும். எங்கள் கோயிலில் வெளிச்சம் போன பிறகுதான் மாமரம் வரும். புராணத்தில் சூரபத்மன் எடுக்கும் வடிவங்களில் ஒன்று இருள். தேவர்கள் அலறுகிற அளவுக்கு உலகை மூடுகிற இருள். அந்த வடிவத்துக்குத் தலை செதுக்க எந்த ஆசாரியாராலும் முடியாது. எங்கள் வீதியில் அது தானாகவே வந்துவிடும்.

இந்த விழா எவ்வளவு பழையது? கதை மிகப் பழையது. வீதியில் நடக்கிற விதம் அவ்வளவு பழையதாக இருக்க முடியாது. 1621இல் போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். குடாநாட்டின் மற்றக் கோயில்களும் தப்பவில்லை. அதன் பிறகு வீட்டு மூலையில் ஒளித்து வைத்துக் கும்பிட்ட காலம். 1734இல், ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியில், இரகுநாத மாப்பாண முதலியார் நல்லூர்க் கோயிலைத் திரும்ப எழுப்பினார். வெளிவீதி என்று ஒன்று இருந்தால்தானே சூரன் ஓட முடியும்! ஆகவே இன்று நாம் காணும் சூரன் போரை அந்தத் தலைமுறைகளிலிருந்து தொடங்குவதே நியாயம் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னரும் இருந்திருக்கும். ஆனால் நடுவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வீதி இல்லை.

அம்மம்மா கண்டது தீவட்டிச் சூரன். தேங்காயெண்ணெய்ப் பந்தம் பிடிக்கிறவர்கள் இரண்டு பக்கமும் ஓட, சூரனின் நிழல் மதிலில் அவனைவிடப் பெரிதாக ஆடுமாம். தலை மாற்றும்போது பந்தத்தைத் தாழ்த்துவார்கள். நான் சிறுவனாகக் கண்டது பெற்றோல்மாக்ஸ் சூரன். தலைச்சுமையாக லைற் காவுகிறவர்கள் நின்றார்கள். தலை மாற்றும்போது இரண்டு பேர் வேட்டியை விரித்து மறைத்தார்கள். வேட்டிக்குப் பின்னால் யானைமுகம் கழன்று சிங்கமுகம் ஏறும் அந்தச் சில நிமிடங்களில், அடுத்து என்ன வரும் என்று தெரிந்த பிள்ளையும் பயந்து தாயின் சேலையைப் பிடிக்கும். சுன்னாகத்து மின் நிலையத்திலிருந்து ஊருக்குக் கம்பி வந்தபின் ரியூப் லைற் வந்தது. வீதி முழுக்க ஒரே வெளிச்சம். வேட்டிக்குப் பின்னால் நிற்கிறவர்களின் கால் தெரிந்தது. அந்த வருஷம் பிள்ளைகள் பயப்படவில்லை என்று பெரியவர்கள் குறைப்பட்டார்கள். பிறகு தலை மாற்றும் நேரத்தில் லைற்றை நிற்பாட்டும் வழக்கம் வந்தது. கரண்ட் வந்த பிறகு இருட்டைக் காசு கொடுக்காமல் வாங்க முடிந்ததே என்று அதை இன்றும் பெரிய கண்டுபிடிப்பாக நினைக்கிறேன்.

பாரிஸில் மகனிடம் போயிருந்தபோது டிஸ்னிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே பேய்வீடு ஒன்று, ஃபாண்டம் மேனர் என்று பெயர். 1992இல் பூங்காவோடு சேர்த்துத் திறந்தது. இரண்டு பேர் இருக்கிற கறுப்பு வண்டி, நிற்காமல் நகரும்; எந்தக் காட்சியைப் பார்க்கவேண்டுமோ அந்தப் பக்கம் நம்மைத் திருப்பிவிடும். "அப்பா, நீங்கள் விரும்பின பக்கம் பார்க்க ஏலாது, அது காட்டுறதைத்தான் பார்க்கலாம்" என்றான் மகன். நடனமாடும் ஆவிகளைக் கண்டபோது எப்படி என்று கேட்டேன். பெரிய கண்ணாடி ஒன்று நமக்கு முன்னால் நிற்கிறது. மறைவான இருட்டில் உள்ள பொம்மைகள் மேல் வெளிச்சம் விழும்போது அவற்றின் நிழலுரு கண்ணாடியில் தெரிகிறது. ஜோன் பெப்பர் என்பவர் 1862இல் இலண்டனில் மேடையில் காட்டிப் புகழ்பெற்ற வித்தையாம். 1930இல் இங்கிலாந்தின் பிளாக்பூலில் பேய் ரயில் என்று ஒன்று ஓடத் தொடங்கியது. அதற்கும் முன்பே அமெரிக்காவில் லியோன் கசிடி என்பவர் இருட்டு அறைக்குள் வளைந்து வளைந்து ஓடும் ஒற்றைத் தண்டவாள வண்டிகளை விற்றார். அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: இருட்டு, ஒரு திருப்பம், திடீரென்று ஒரு முகம். அங்கே சனம் வண்டியில் ஏறிக் கதைக்குள்ளே போகிறது. எங்களிடம் சனம் வீதியோரத்தில் நிற்க, கதை தோளில் ஏறி வருகிறது.

அந்தப் பேய்வீட்டை 2018 ஜனவரியில் மூடி, 2019 மேயில்தான் திறந்தார்கள். வண்டியும் தடமும் அப்படியே இருக்க, ஒலியும் ஒளியும் சில காட்சிகளும் புதிதாயின. அதே பூங்காவில் கடற்கொள்ளையர் படகுச் சவாரியில் பெண்களை ஏலம் விடும் காட்சி ஒன்று பல காலம் இருந்தது. 2017இல் அதை மாற்றினார்கள். ஏலத்துக்கு நிறுத்தியிருந்த செம்மயிர்ப் பெண்ணே இப்போது துப்பாக்கி பிடித்த கொள்ளைக்காரி. பழைய சவாரியைத் தொடாதே என்று கோபித்தவர்கள் பலர். எனக்கு அந்தக் கோபம் விளங்கவில்லை. பெண்ணை விற்பதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கவேண்டும் என்று எந்தக் கதைக்கும் கட்டாயமில்லை.

எங்கள் வீதியிலும் மாற்ற வேண்டியது ஒன்று இருந்தது. அது சூரனின் முகத்தில் இல்லை. யார் தோள் கொடுக்கலாம், யார் எங்கே நிற்கலாம் என்பதில் இருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்து பத்து வருஷம் கடந்தும் கதவு திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தினர் நின்று அடியும் உதையும் வாங்கினார்கள். எங்கள் சின்னக் கோயிலில் அவ்வளவு பெரிய போராட்டம் நடக்கவில்லை. அதனால் அநியாயம் இன்னும் நீண்ட காலம் சத்தமில்லாமல் இருந்தது. சூரன் பாயும்போது பறை அடித்தவர்கள் எங்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி அடித்தார்கள். அவர்களின் அடி இல்லாமல் எங்கள் கால் எழும்பாது. ஆனால் அவர்களின் தோள் காவுதடியில் படக்கூடாது. நாங்கள் அசுரனைச் சுமந்தோம், தேவர்களைச் சிறை மீட்கிற கதையை நடித்தோம், பக்கத்தில் நின்றவனைத் தள்ளி நிறுத்தினோம். இதை எழுதாமல் சூரன் போரின் வரலாற்றை எழுத முடியாது.

அது எப்படி மாறியது? நல்ல மனத்தால் என்று சொல்ல எனக்கு ஆசை. உண்மை வேறு. 1983க்குப் பின்னர் பெடியள் ஊரில் இல்லை. கொஞ்சப் பேர் இயக்கங்களுக்கு, கொஞ்சப் பேர் ஜேர்மனிக்கும் கனடாவுக்கும். பின்தடிக்கு ஆள் கிடைக்காத ஒரு வருஷம், பறை அடித்துக்கொண்டிருந்தவரின் மகனை யாரோ கையைக் காட்டிக் கூப்பிட்டார்கள். அவன் வந்து தோள் கொடுத்தான். வீதியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அதற்குள் எத்தனை தலைமுறை போய்விட்டது!

1987 ஒக்டோபரில் இந்திய இராணுவத்தின் சண்டை தொடங்கியது. அந்தக் கந்தசஷ்டி ஊரடங்குக்குள் கழிந்தது. 1990இல் சண்டை திரும்பவும் மூண்டு கரண்ட் முற்றாக நின்றது. பற்றறி தடை, மண்ணெண்ணெய்க்கு யானை விலை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமாக எண்ணெய் விட்டு, அந்தச் சுடரில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோக் கரண்டில் றேடியோச் செய்தி கேட்டோம். அந்த மூளைதான் சூரனுக்கும் வேலை செய்தது. ஒரு கராஜ்காரப் பெடியன் சூரனின் கண்ணுக்குள் இரண்டு சின்ன சைக்கிள் பல்ப் பூட்டினான். கம்பியை முதுகு வழியாக இறக்கி, பலகையில் ஒரு டைனமோவும் கைப்பிடிச் சில்லும் வைத்தான். தலை திருப்புகிறவருக்குப் பக்கத்தில் ஒரு சிறுவன் இருந்து சில்லைச் சுற்றினான். வேகமாகச் சுற்றினால் கண் பிரகாசிக்கும், களைத்தால் மங்கும். சூரன் பாயும்போது சிறுவனுக்கும் உற்சாகம் வரும்; கண் தீயாய் எரியும். பின்வாங்கும்போது அவனும் இளைப்பாறுவான். கண் சிவந்து அணையும். யாரும் திட்டமிட்டதில்லை. விமானத்துக்குப் பயந்து வீதியில் வேறு வெளிச்சமே வைக்காத காலம் அது. என் வாழ்நாளில் நான் கண்ட ஆகச் சிறந்த சூரன் அதுதான்.

1995இல் அமாவாசையன்று, ஒக்டோபர் 24ஆம் திகதி, சூரிய கிரகணமும் வந்தது. விரதம் முடிகிற நாட்களில் செல் கிட்டக் கிட்ட விழுந்தது. 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. மழை. செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் சனத்தால் நெரிந்தன. கோயிலில் பூத்தொண்டு செய்த முதியவர் ஒருவர் சூரபத்மனின் தலையை மட்டும் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குக் கொண்டுபோனார். ஏன் அந்தத் தலையை என்று கேட்டதற்கு, அதுதான் பழையது என்றார். 1996இல் ஊர் திரும்பியபோது வாகனசாலையில் உடம்பையும் மற்ற இரண்டு தலைகளையும் கறையான் தின்றிருந்தது. புது உடம்பில் பழைய முகத்தைப் பூட்டக் கழுத்து முளையைச் சீவி அளவாக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் யானைமுகத்துக்கும் சிங்கமுகத்துக்கும் வயது முப்பதுக்குள்தான்; சூரனுக்கு மட்டும் அம்மம்மா கண்ட முகம்.

2009க்குப் பிறகு வெளிநாட்டுக் காசு வந்தது. எல்ஈடி விளக்கு, புகை இயந்திரம், தலைக்கு மேலே ட்ரோன். புகையை நான் வரவேற்கிறேன். வேட்டியைவிட அது நன்றாக மறைக்கிறது. நான் எதிர்த்துப் பேசியது ஒன்றைத்தான்: ஒலிபெருக்கியில் போடுகிற சூரனின் சிரிப்பு. பதிவு செய்த சிரிப்புக்குத் தவில் அடங்கி நிற்கவேண்டும். தவில் நின்றால் கால் நிற்கும், கால் நின்றால் சூரன் மரம். சபையில் இரண்டு வருஷம் வாதாடினேன். இப்போது சிரிப்பு இல்லை.

மகள் கனடாவிலிருந்து அனுப்பிய வீடியோவில் சூரன் சில்லு வைத்த மேடையில் வருகிறான். குளிர், மண்டபத்து நிலம், காப்புறுதி என்று அவர்களுக்குக் காரணங்கள் உண்டு. அங்கேயும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், அது போதும். ஆனால் சில்லில் வருகிறவனால் முழங்காலை மடிக்க முடியாது. அவன் வேலைக் கண்டு தயங்குவதில்லை. போகிறான், வருகிறான். சூரபத்மன் கடைசியில் சேவலும் மயிலுமாகி முருகனிடமே சேர்கிறான். தயங்கத் தெரியாதவன் அப்படிச் சேருவதை எப்படிக் காட்டுவது? உள்ளூரிலும் சில்லுப் பூட்டலாம் என்ற கதை அடிபடுகிறது, காவ ஆளில்லையாம்.

ஆள் இருக்கிறது. போன வருஷம் பேத்தியும் அவளோடு படிக்கிற பிள்ளைகளும் என்னிடம் வந்து, தேர்வடம் பிடிக்கிற நாங்கள் சூரனுக்குத் தோள் கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். சபையில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். இந்த முறை கூட்டத்தில் இரண்டு கோரிக்கை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, காவுதடியை இலேசான மரத்தில் நான்கு அங்குலம் பதிவாகப் போடவேண்டும். உயரம் குறைந்தவர்களின் தோளுக்கும் அது எட்டும். மற்றது, பின்தடியில் ஒரு பக்கம் பெண் பிள்ளைகளுக்கு. பழக்குகிற பொறுப்பை நானே எடுக்கிறேன், புரட்டாதி கடைசியிலிருந்து பின்னேரங்களில், தவில்காரரையும் வைத்து.