பங்கிலிருந்து கையெழுத்துக்கு: தமிழ்நாட்டில் மகளின் வாரிசுரிமையும் பாகப்பிரிவினையின் நியாயமும்

ஒருவர் இறந்தபின் அவர் சொத்து வாரிசுகளுக்கு நியாயமாகப் பிரிக்கப்பட்டதா என்ற கேள்வி, தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் மகளை முன்னிட்டே எழுகிறது. பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. பூர்வீகச் சொத்தில் அது மாநிலச் சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின. இந்த வரலாற்றைச் சட்டம் சட்டமாகத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும்: மகளின் பங்கு ஏறிக்கொண்டே வர, அவளை ஒதுக்கும் வேலையைச் சட்டத்திடமிருந்து பத்திரம் எடுத்துக்கொண்டது. அதனால் பங்குக் கணக்கைச் சரிபார்ப்பதோடு நியாய விசாரணை முடிந்துவிடாது. கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

மிதாட்சரம் என்ற பழைய இந்துச் சட்ட முறையில் மகன் பிறந்த உடனேயே பூர்வீகச் சொத்தில் பங்காளி. மகளுக்கு அந்த இடம் இல்லை. 1937ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்குக் கணவனின் பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் வரையறுத்த உரிமையைத் தந்தது, மகளைத் தொடவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை முதல் வகுப்பு வாரிசாக்கியது. ஆனாலும் மகனின் பிறப்புரிமை அப்படியே நீடித்தது. 9 ஏக்கர் பூர்வீக நிலம் உள்ள ஒருவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகளை விட்டு, உயில் எழுதாமல் இறந்ததாகக் கொள்வோம். பாகப்பிரிவினையில் மனைவிக்குப் பங்கு ஒதுக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் மறைந்துவிட்டதால், முதலில் மகனுக்கு நாலரை ஏக்கர் போய்விடும். தந்தையின் நாலரை ஏக்கர் மட்டுமே மூவருக்கும் பிரியும். முடிவில் மகனுக்கு 6 ஏக்கர், தாய்க்கும் மகளுக்கும் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கேட்கவும் அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு மகளைத் தடுத்தது; ஆண் வாரிசுகள் பிரிக்கும்வரை அவள் காத்திருக்க வேண்டும்.

1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் மகளையும் பிறப்பால் பங்காளியாக்கியது. அதே 9 ஏக்கரில் இப்போது மகனுக்கு 4, மகளுக்கு 4, தாய்க்கு 1 ஏக்கர். பிள்ளைகள் சமமானார்கள், ஆனால் தாயின் பங்கு அரை ஏக்கர் குறைந்தது. அந்த நாளுக்கு முன்பே மணமான மகள்களுக்கு இந்த உரிமை கிடைக்கவில்லை. ஒரே வீட்டில் அக்காவுக்கு ஒரு நியாயம், தங்கைக்கு ஒரு நியாயம் என்றானது. 2005 செப்டம்பர் 9 முதல் அமலான மத்தியத் திருத்தம் இந்த மணநிலை வேறுபாட்டையும் 23ஆம் பிரிவையும் நீக்கியது. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று தெளிவுபடுத்தியது. வாய்மொழியாகப் பாகம் பிரித்துவிட்டோம் என்ற எதிர்வாதத்தையும் எளிதில் ஏற்கக் கூடாது என்றது.

சட்டத்தின் கதவுகள் இப்படித் திறந்தபின், உயில் இல்லாத இடத்தில் சகோதரன் பெயருக்குச் சொத்து முழுதாகப் போக வழக்கமான வழி, தன் பங்கை விட்டுவிடுவதாக மகள் எழுதித்தரும் விடுதலைப் பத்திரம். வாரிசுச் சான்றிதழில் அவள் பெயர் இருக்கும். சார்பதிவாளர் முன் அவள் கையெழுத்தும் கைரேகையும் பதியும். சம்மதித்தே விடுவிப்பதாகப் பத்திரம் சொல்லும். 4 ஏக்கர் ஒரு காலை நேரத்தில் கைமாறிவிடும். பதிவேட்டைப் பார்ப்பவருக்கு இதில் குறையே தெரியாது.

மகள் தன் பங்கைக் கேட்பதற்கு மூன்று மறுப்புகள் சொல்லப்படுவதுண்டு. திருமணத்தில் நகையும் சீரும் செய்தாயிற்றே என்பது முதலாவது. சீர் என்பது கொடுத்த அன்றைய மதிப்பு. நிலமோ ஏறிக்கொண்டே போவது. மேலும், மகனின் படிப்புக்கும் தொழிலுக்கும் தந்தை செலவிட்டதை யாரும் அவன் பாகத்தில் கழிப்பதில்லை. கழிப்பதென்றால் இரு பக்கமும் கழிக்க வேண்டும். நிலம் துண்டாகும் என்பது இரண்டாவது. மூன்று மகன்கள் பிரித்தாலும் துண்டாகத்தான் செய்யும். பிரிக்க முடியாத இடத்தில் பங்குக்கு ஈடான பணம் தரலாம். பெற்றோரை வைத்துப் பார்த்தவன் மகன்தானே என்பது மூன்றாவது. இதில் வலு இருக்கிறது. ஆனால் அதற்குச் சட்டத்திலேயே வழி உண்டு: சுயார்ஜிதச் சொத்தையும் பூர்வீகத்தில் தன் பங்கையும் தந்தை உயில் எழுதி அவனுக்குத் தரலாம். அவர் எழுதாமல் விட்டதை மகளின் கையெழுத்தால் நிரப்புவது அவர் விருப்பத்தை நிறைவேற்றியதாகாது.

மனமுவந்து விட்டுக்கொடுக்கும் மகளும் உண்டு. அவள் உரிமையை மறுப்பதற்கில்லை. ஆனால் என்னென்ன சொத்து, தன் பாகம் எவ்வளவு, அதன் இன்றைய விலை என்ன என்று தெரிந்து விடுவதே விட்டுக்கொடுத்தல். பிறந்த வீட்டு வாசல் அடைபடுமே என்று அஞ்சிப் போட்ட கையெழுத்து அந்தக் கணக்கில் சேராது. ஆகவே ஒரு பாகப்பிரிவினையை ஆராய்பவர், பங்கு சமமா என்பதற்கு அடுத்தபடியாக, பத்திரத்தில் குறித்த தொகை உண்மையில் கைக்கு வந்ததா, எழுதித்தர மறுத்திருந்தால் அவள் எதை இழந்திருப்பாள் என்ற இரண்டையும் கேட்க வேண்டும். 1956இன் அநீதி சட்டப் புத்தகத்திலேயே எழுதியிருந்ததால் அதைத் திருத்த முடிந்தது. சம்மதத்தின் பெயரால் நடப்பதை இக்கேள்விகள் இல்லாமல் அடையாளம்கூடக் காண முடியாது.