ஒரு ஜன்னல், ஒரே ஒரு தளம்

உங்க பிரவுசர்ல இப்போ எத்தனை டேப் திறந்திருக்குன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. எண்ணியாச்சா? சரி, இழை கொஞ்சம் நீளம். அந்த டேப்களை மூடிட்டு வாங்க 😀

ஒரு மருந்தோட அளவைப் பார்க்கத் தளத்தைத் திறக்கிறோம்னு வைங்க. பக்கத்து டேப்ல மெயில் வந்ததா ஒரு எண் கூடுது. போய்ப் பார்த்துட்டுத் திரும்பி வர்றோம். கண்ணு பழைய வரிக்கு வந்துடும், மனசு வராது. 2009-ல் சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் இதைக் 'கவன எச்சம்' என்ற கருத்தாக முன்வைத்தார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால், பழைய வேலையின் ஒரு பகுதி மனதில் ஒட்டிக்கொண்டு புது வேலையைக் கெடுக்கும். குழந்தையோட எடைக்கு மில்லிகிராம் கணக்குப் போடுற நேரத்துல இது சின்ன விஷயம் இல்லை.

இதுக்குக் கைகொடுக்கிற ஒரு பழைய கருவி இருக்கு: ஒரே தள பிரவுசர். ஒரு தளத்துக்குன்னே தனி ஜன்னல், தனி ஐகான். முகவரிப் பட்டை இல்லை, டேப் இல்லை. வேடிக்கை என்னன்னா, இது பிறந்தது கவனத்தைக் காப்பாத்த இல்லை.

2007-ஐ நினைச்சுப் பாருங்க. மெயில், ஆவணம், பாட்டு எல்லாமே பிரவுசருக்குள்ள வந்துடுச்சு. ஆனா எங்கேயோ ஒரு டேப்ல ஒரு ஃபிளாஷ் விளம்பரம் முடங்கினா, மொத்த பிரவுசரும் படுத்துடும். பாதி எழுதின கடிதமும் போச்சு!

அந்த அக்டோபரில் மொசில்லா லேப்ஸ் 'பிரிஸம்' என்ற மென்பொருளை அறிவித்தது. அதன் முந்தைய பெயர் வெப்ரன்னர். கம்ப்யூட்டரில் நிறுவிய மென்பொருள் போலவே இணையதளமும் தனியாக இயங்க வேண்டும் என்பதுதான் நோக்கம். வேறு தளத்துக்குப் போகும் லிங்கைத் தொட்டால், அது வழக்கமான பிரவுசரில் திறக்கும். எனக்கு இந்தச் சின்ன ஏற்பாடுதான் ரொம்பப் பிடிச்சது. கதவு பூட்டலை, ஆனா வெளியே போறோம்னு நமக்குத் தெரியும்.

அதே ஆண்டு டிசம்பரில் டாட் டிச்சன்டார்ஃப் மேக் கணினிகளுக்கு 'ஃபுளூயிட்' கொண்டு வந்தார்.

2008 செப்டம்பரில் கூகுள் குரோம் வந்தது. டேப்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து இயக்கியதால், ஒன்று விழுந்தாலும் மற்றவை பெரும்பாலும் தப்பின. தளத்தைத் தனி ஜன்னலாக்கும் வசதியும் அதிலேயே இருந்தது. பிரிஸம் பிறந்ததுக்கான காரணத்துல பாதி போயிடுச்சு. 2011-ல் மொசில்லா அதைக் கைவிட்டது.

2015-ல் அலெக்ஸ் ரஸ்ஸலும் ஃபிரான்சிஸ் பெரிமனும் இந்த எண்ணத்தின் அடுத்த வடிவத்துக்கு 'புரோக்ரெசிவ் வெப் ஆப்' என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு குரோமில் தளங்கள் புஷ் நோட்டிஃபிகேஷன் அனுப்பும் வசதியும் வந்தது. கதை திரும்புற இடம் இதுதான். தனி அறை கொடுத்தோம், கூடவே அந்த அறையில இருந்து நம்மைக் கூப்பிட ஒரு மணியையும் கொடுத்துட்டோம்!

ஃபயர்ஃபாக்ஸ் 2020-ல் இதைச் சோதனையாக வைத்திருந்து, 2021-ல் நீக்கிவிட்டது. திரும்பவும் 2025-ல் விண்டோஸுக்குக் கொண்டு வந்தது. ஆப்பிள் 2023-ல் மேக் சஃபாரியில் சேர்த்தது.

செஞ்சு பார்க்கணுமா? மேக் சஃபாரியில் ஃபைல் மெனு, அதில் 'ஆட் டு டாக்'. கம்ப்யூட்டர் குரோமில் மூணு புள்ளி மெனுவுக்குள் பக்கத்தை ஆப்பாக நிறுவும் வசதி இருக்கும். தினமும் வேலைக்கு வேணும்கிற ஒரே ஒரு தளத்தை மட்டும் அப்படி எடுங்க, சமூக ஊடகத்தை எடுக்காதீங்க. முதல் தடவை திறந்ததும் நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்டா, 'பிளாக்' கொடுத்துடுங்க.