சடசடப்பும் கிரெபிட்டாரேவும்: ஓர் ஒலிச்சொல் வரலாறு

வடக்குத்தை அடுத்த நெய்வேலிச் சுரங்கங்களில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி நீராகும். உலரும்போது அது சுருங்கி வெடிப்பு விடும். நில வெடிப்பு, வெடியோசை என ‘வெடி’ என்னும் ஓரடியே பிளவையும் ஓசையையும் குறிப்பது இங்கு நோக்கத்தக்கது.

தமிழோடு இன உறவற்ற இலத்தீனிலும் இந்நிலை உண்டு. ‘கிரெபாரே’ என்னும் வினை ஓசையெழ வெடித்தலைக் குறித்தது. பிளவைச் சுட்டும் ‘கிரெவிஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக அதிலிருந்து வந்தது. வேறுபட ஒலித்தல் என்ற பொருளிலிருந்து, முரண்பாட்டைக் குறிக்கும் ‘டிஸ்கிரெபன்சி’ பிறந்தது. இவற்றில் ஓசைப்பொருள் மறைந்துவிட்டது.

ஓசை தொடர்வதைக் காட்ட இலத்தீன் ஒரு விகுதியைச் சேர்த்துக் ‘கிரெபிட்டாரே’ என்றது. ஆங்கில ‘கிரெபிட்டேட்’ அதன் வழிவந்தது. தமிழோ அடியையே இரட்டிக்கிறது: சடசட, படபட, நெறுநெறு. இத்தகைய இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தராது என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறும் இலக்கணம்.

இவ்வேறுபாடு கலைச்சொல்லாக்கத்தில் கருதத்தக்கது. பிரெஞ்சு மருத்துவர் லாயென்னெக், 1819இல் வெளியிட்ட நூலில், நுரையீரலில் கேட்கும் நுண்ணொலி ஒன்றற்கு இவ்வினையடியால் பெயரிட்டு, சூடேறும் உப்பின் பொரிவொலியோடு அதனை ஒப்பிட்டார். அதனை ‘வெடிப்பொலி’ எனப் பெயர்த்தால் ஒருமுறை எழும் பேரோசையே மனத்தில் தோன்றும். ‘நெறுநெறுப்பொலி’ என்றால் நுண்மையும் தொடர்ச்சியும் சொல்லிலேயே நிற்கும். ஆகவே, பொருளோடு ஓசையின் இயல்பையும் பெயர்ப்பதற்கு இரட்டைக்கிளவியே தக்க கருவி எனலாம்.